உதைபந்தாட்ட பெட்: ஒட்ஸ், கட்டும் காசு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து கதவைச் சாத்தும் நேரத்தில் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணி மெட்ச் நமக்கு இரவு 7:30க்கு, அங்கே குளிர்காலமென்றால் 8:30க்கு. அதற்கு முன்னால் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டு போகலாம் என்று வருவார்கள். நிகழ்தகவுப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் அப்போது கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் முத்து மாதிரி இருக்கும். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பெட் கட்டுங்கள் என்று யாரையும் தூண்ட வரவில்லை. கட்டுகிறவர்கள் கணக்குத் தெரியாமல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒட்ஸ் 1.80 என்றால் என்ன? சில இடத்தில் 4/6 என்று எழுதுகிறார்களே?

1.80 என்றால், 100 ரூபாய் கட்டி வென்றால் கைக்கு வருவது 180 ரூபாய். அதில் 100 உங்கள் சொந்தக் காசு, 80தான் இலாபம். இதை மறக்கிறவர்கள் நிறையப் பேர். 4/6 என்பது பிரித்தானிய எழுத்துமுறை. இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்துக்குக் கட்டிப் பழகிய பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். 6 ரூபாய் கட்டினால் 4 ரூபாய் இலாபம் என்று அர்த்தம். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் தசம ஒட்ஸ் வரும்: 4 ÷ 6 + 1 = 1.67. அதேபோல 5/2 என்பது 3.50.

இலாப நட்டமற்ற புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றை ஒட்ஸால் வகுங்கள். கணக்கு அவ்வளவுதான். 2.00க்கு 50 சதவீதம், 1.50க்கு 66.7, 1.25க்கு 80, 3.00க்கு 33.3, 4.00க்கு 25. அந்த ஒட்ஸில் தொடர்ந்து கட்டுகிறவர் அத்தனை சதவீதம் வென்றால்தான் போட்ட காசாவது திரும்பி வரும்.

கணக்கு சின்னதுதான், ஆனால் மனதில் பதிவது கடினம். என்னிடம் படித்த ஒரு தம்பி இப்போது திரீவீலர் ஓட்டுகிறான். ஒருநாள் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். நீலப் பேனாவால் கோடு போட்டு, வென்றதற்குச் சரி அடையாளம், தோற்றதற்குப் புள்ளடி. மூன்று மாதத்தில் 40 பெட், எல்லாம் 1.50 ஒட்ஸ் அளவில், ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய். 25 சரி, 15 புள்ளடி. "சேர், பத்துப் பெட் கூடுதலாக வென்றிருக்கிறேன், ஆனால் காசைக் காணவில்லை. யாராவது என்னை ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டான்.

ஒருவரும் ஏமாற்றவில்லை. கட்டியது 40,000. வந்தது 25 × 1,500 = 37,500. நட்டம் 2,500. 1.50இல் 40 பெட் கட்டினால் 27 வெல்ல வேண்டும், அவன் வென்றது 25. அதாவது 62.5 சதவீதம் வென்றும் தோற்றிருக்கிறான். அந்தக் கொப்பியில் ஒட்ஸுக்கென்று ஒரு நிரல் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. எத்தனை வென்றேன் என்ற கேள்விக்கு மட்டும் தனியாக அர்த்தமில்லை. என்ன விலைக்கு வாங்கினேன் என்பதும் சேர வேண்டும். புறக்கோட்டையில் மொத்தமாகச் சாமான் எடுத்து விற்கிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அப்படியென்றால் புக்கி, அதாவது ஒட்ஸ் போட்டு பெட் வாங்குகிறவன், எங்கே உழைக்கிறான்?

ஒட்ஸுக்குள்ளேயே. ஒரு மெட்ச்சுக்கு இப்படிப் போட்டிருக்கிறது என்று வைப்போம்: சொந்த மைதான அணி வெற்றி 2.10, சமநிலை 3.40, வந்த அணி வெற்றி 3.50. மூன்றுக்கும் ஒன்றை வகுத்துப் பாருங்கள்: 47.6, 29.4, 28.6. கூட்டினால் 105.6. நடக்கக்கூடியது இந்த மூன்றில் ஒன்றுதான், ஆகவே உண்மையான நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 100ஐத் தாண்ட முடியாது. மேலதிகமாக இருக்கும் அந்த 5.6தான் அவனுடைய பங்கு.

காசாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. சொந்த அணிக்கு 4,762 ரூபாய், சமநிலைக்கு 2,941, வந்த அணிக்கு 2,857 என்று மக்கள் கட்டினால் சேர்வது 10,560. எது நடந்தாலும் அவன் கொடுக்க வேண்டியது 10,000 அளவில்தான். 560 ரூபாய் அவன் கையில். மெட்ச்சைப் பார்க்கவே தேவையில்லை. நிஜத்தில் காசு இவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து வராது, அதனால் ஒட்ஸை அவ்வப்போது நகர்த்திக்கொண்டே இருப்பார்கள்.

இதனால்தான் 2.10ஐப் பார்த்தவுடன் அந்த அணிக்கு 47.6 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று எடுக்கக் கூடாது. 47.6ஐ 1.056ஆல் வகுத்தால் 45.1. ஒட்ஸ் போட்டவர் மனதில் இருக்கும் எண் அதற்குக் கிட்ட. நீங்கள் தாண்ட வேண்டிய வேலியோ 47.6. அந்த இடைவெளியைச் சொந்த அறிவால் நிரப்ப முடியுமா என்பதுதான் ஒவ்வொரு பெட்டிலும் உள்ள ஒரே கேள்வி.

1.85க்கும் 1.95க்கும் பெரிய வித்தியாசமா? பத்துச் சதம்தானே.

பெரிய வித்தியாசம். 1.85க்கு 54.1 சதவீதம் வெல்ல வேண்டும், 1.95க்கு 51.3 போதும். நூறு பெட்டில் கிட்டத்தட்ட மூன்று பெட். உதைபந்தாட்டத்தை நுணுக்கமாகத் தெரிந்தவருக்கும் சும்மா தெரிந்தவருக்கும் இடையில் இருக்கும் தூரமே சில வேளை அவ்வளவுதான். மீனுக்கு நாலு கடை ஏறி இறங்கும் நாம் இதற்கு மட்டும் முதலில் கண்ட விலைக்குக் கட்டிவிடுகிறோம்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் சொல்கிறேன். நீங்கள் கட்டிய ஒட்ஸையும், மெட்ச் தொடங்கும் நிமிடத்தில் இருந்த ஒட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். நீங்கள் 2.20க்கு எடுத்தது கடைசியில் 2.05ஆக இறங்கியிருந்தால் நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள், அந்த மெட்ச்சில் தோற்றிருந்தாலும்கூட. எப்போதும் மறுபக்கமாகவே நகர்கிறது என்றால், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சந்தைக்கு, அதாவது கட்டுகிற மற்றவர்களுக்கு, தெரிந்திருக்கிறது. பத்து இருபது பெட்டின் வெற்றி தோல்வியை விட இந்த நிரல் உண்மையைச் சீக்கிரம் சொல்லும்.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒருநாள் வென்றே ஆக வேண்டும் என்கிறார்களே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. மார்ட்டிங்கேல் என்று பெயர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆகவே எண்களை வரிசையாக எழுதிப் பார்ப்போம்.

200 ரூபாயில் தொடங்குகிறீர்கள். தோற்றால் 400, பிறகு 800, 1,600, 3,200, 6,400, 12,800. ஏழு முறை தோற்றால் போனது 25,400. எட்டாவது முறை 25,600 கட்ட வேண்டும். வென்றால் எல்லாம் கழித்துக் கிடைக்கும் இலாபம் 200 ரூபாய். ஒரு கொத்து ரொட்டிக்கே காணாத இலாபத்துக்காக 51,000 ரூபாயை வரிசையில் நிறுத்துகிறீர்கள்.

ஏழு முறை தொடர்ந்து தோற்பது எங்கே நடக்கப் போகிறது என்பார்கள். நாணயத்தை 200 தரம் சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் ஏழு பூ தொடர்ந்து விழுவதற்கு வாய்ப்பு பாதிக்கு மேல். ஒரு சீசன் முழுக்கக் கட்டுகிறவர் 200 பெட்டைச் சாதாரணமாகத் தாண்டுவார்.

அப்புறம், பலர் கவனிக்காத இன்னொன்று. அந்தக் கணக்கு 2.00 ஒட்ஸுக்கு. உங்களுக்குக் கிடைப்பது 1.91 என்றால்? 200, 400, 800, 1,600 நான்கும் தோற்று, ஐந்தாவதாக 3,200 கட்டி வெல்கிறீர்கள். இலாபம் 2,912, அதுவரை போனது 3,000. வென்ற பிறகும் 88 ரூபாய் நட்டம்! அதே ஒட்ஸில் எட்டாவது முறை வென்றால் 2,104 ரூபாய் நட்டம். வகுப்பில் இதைப் பலகையில் எழுதிக் காட்டியபோது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கல்குலேட்டரை எடுத்து இரண்டு தரம் அடித்துப் பார்த்தான்.

பிபோனாச்சி, டாலம்பேர் முறைகள்?

இவையும் தோற்றால் அடுத்த பெட்டுக்குக் காசை ஏற்றும் முறைகள்தான், இரட்டிப்பை விட மெதுவாக ஏறும் படிக்கட்டுகள். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பெட்டுக்கு 1.91 ஒட்ஸ் கிடைத்து, உங்களுக்குத் தனி அறிவு எதுவும் இல்லையென்றால், கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 4.50 போகும். மொத்தமாக 100,000 கட்டியிருந்தால் 4,500. அந்த 100,000ஐச் சமமாகப் பிரித்தீர்களா, ஏற்றி இறக்கிக் கட்டினீர்களா என்பதைப் பற்றி அந்த 4.50க்கு அக்கறை இல்லை. நட்டமான பெட்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் கூட்டுத்தொகை இலாபமாக மாறாது.

பிறகு எந்த முறைதான் சரி? ஒரு தடவைக்கு எவ்வளவு?

முறை உங்களை வெல்ல வைக்காது, ஆனால் எவ்வளவு காலம் தாக்குப் பிடிப்பீர்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. முதலில், போனாலும் வீட்டில் அடுப்பு அணையாத ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். வாடகை, பிள்ளையின் டியூஷன் காசு, மாதச் சீட்டுக் காசு எதுவும் அதில் கலக்கக் கூடாது. அதை முதல் என்று சொல்வோம்.

முதலாக 20,000 ரூபாய் இருக்கிறது. தொடர்ந்து பத்துத் தோல்வி. ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதில் 2 சதவீதம் கட்டியவரிடம் 16,341 மிஞ்சும். 10 சதவீதம் கட்டியவரிடம் 6,974. 25 சதவீதம் கட்டியவரிடம் 1,126. மூவரும் ஒரே மெட்ச்களுக்கு ஒரே அணிகளுக்குக் கட்டியவர்கள். முதலாமவர் இழந்ததைப் பிடிக்க 22 சதவீதம் ஏறினால் போதும். மூன்றாமவர் பதினேழு மடங்குக்கு மேல் ஏற வேண்டும்.

1 அல்லது 2 சதவீதம், ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரே அளவு. என் கருத்து அதுதான். சலிப்பாக இருக்கும் என்கிறார்கள். சலிப்பாக இருப்பது நல்லது.

கெலி முறை என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, கணிதமாக அழகானதும்கூட. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஜோன் கெலி 1956இல் வெளியிட்டது. சூத்திரம் இதுதான்: ஒட்ஸை உங்கள் மதிப்பீட்டு நிகழ்தகவால் பெருக்குங்கள், ஒன்றைக் கழியுங்கள், வருவதை ஒட்ஸில் ஒன்று குறைத்த எண்ணால் வகுங்கள். உங்கள் முதல் தொகையில் அத்தனை பங்கைக் கட்டலாம்.

ஒட்ஸ் 2.10, வாய்ப்பு 50 சதவீதம் என்று நினைக்கிறீர்கள். 2.10 × 0.50 = 1.05. ஒன்றைக் கழித்தால் 0.05. அதை 1.10ஆல் வகுத்தால் 0.045. முதல் தொகையில் 4.5 சதவீதம். சரி. உங்கள் மதிப்பீடு கொஞ்சம் பிழைத்து, உண்மையில் 47 சதவீதம்தான் என்று வையுங்கள். 2.10 × 0.47 = 0.987. ஒன்றைக் கழித்தால் மறை எண். கெலி சொல்வது: கட்டாதே, வெள்ளவத்தைக் கடற்கரையில் போய்க் காற்று வாங்கு.

மூன்றே மூன்று சதவீதப் பிழை. ஒரு முன்கள வீரருக்குத் தொடையில் பிடிப்பு என்ற செய்தி தெரியாமல் இருந்தாலே அவ்வளவு பிழைக்கும். உங்கள் மதிப்பீடு சரி என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தச் சூத்திரம் முழுவதும் நிற்கிறது. அதனால் தெரிந்தவர்கள் பாதிக் கெலி, கால் கெலி என்று குறைத்துக் கட்டுவார்கள். பாதி கட்டினாலும் வளர்ச்சியில் முக்கால்வாசி கிடைக்கும், ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும். என் மாணவர்களில் இதைக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: 50 சதவீதம் என்ற எண் உனக்கு எங்கிருந்து வந்தது? இதுவரை எவரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

ஐந்து டீமைச் சேர்த்து ஒரே சீட்டாகக் கட்டினால்?

ஒவ்வொன்றும் 1.50 என்றால் ஐந்தும் பெருகி 7.59. 500 ரூபாய்க்கு 3,800 அளவில் வரும், ஆசை காட்டும் தொகைதான். ஆனால் புக்கியின் பங்கும் அதேபோல ஐந்து தரம் பெருகும். 1.50 அணியின் உண்மை வாய்ப்பு 63.5 சதவீதம் என்று வைத்தால், தனித்தனியாகக் கட்டும்போது 100க்கு 4.75 போகும். ஐந்தும் சேர்ந்து வெல்லும் வாய்ப்பு 10.3 சதவீதம், அப்போது 100க்கு 21.60 போகும். கடைசி அணி 90ஆவது நிமிடத்தில் கோல் வாங்கிச் சீட்டுக் கிழிந்த கதை எல்லோரிடமும் இருக்கும். அது துரதிர்ஷ்டம் இல்லை. பத்தில் ஒன்பது தரம் நடக்க வேண்டியதுதான்.

நூறு பெட் 2.00 ஒட்ஸில், 55 வென்றேன். எனக்குத் திறமை இருக்கிறதா?

இருக்கலாம். ஆனால் நூறு பேர் ஆளுக்கு நூறு தரம் நாணயம் சுண்டினால், அவர்களில் ஏறத்தாழ 18 பேருக்கு 55 அல்லது அதற்கு மேல் பூ விழும். அந்த 18 பேருக்கும் திறமை என்று சொல்வோமா? ஆயிரம் பெட்டிலும் 55 சதவீதம் நிற்கிறதென்றால் வந்து சொல்லுங்கள், நானே உட்கார்ந்து கேட்கிறேன்.

லெஸ்டர் சிட்டி மாதிரிப் பெரிய ஒட்ஸில் சின்னக் காசு போட்டு வைக்கலாமே?

2015-16 சீசன் தொடங்கும்போது இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சம்பியனாகும் என்பதற்கு 5000/1 கொடுத்தார்கள், லெஸ்டரும் சம்பியனானது. அந்த ஒட்ஸின் இலாப நட்டமற்ற புள்ளி 0.02 சதவீதம். அதாவது 5,001 தரத்தில் ஒரு தரம். நமக்கு ஞாபகம் இருப்பது வென்ற அந்த ஒன்று. ஒவ்வொரு வருடமும் கடைசி ஐந்து அணிகளுக்குப் போட்டு ஓசையில்லாமல் போன காசை யாரும் பேசுவதில்லை.

'பிக்ஸ்' பண்ணின மெட்ச் இருக்கிறது, காசு கட்டினால் முடிவு சொல்கிறோம் என்று போனில் வருகிறதே?

நம்பாதீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். 64 பேருக்குச் செய்தி போகிறது. 32 பேருக்கு ஒரு அணி வெல்லும் என்று, மற்ற 32 பேருக்கு வெல்லாது என்று. சரியாக வந்த 32 பேரை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த மெட்ச், பிறகு 16 பேர், பிறகு 8 பேர். மூன்று மெட்ச் தொடர்ந்து சரியாகச் சொன்ன அதிசய மனிதனை அந்த எட்டுப் பேரும் கண்ணால் கண்டிருப்பார்கள். நாலாவதுக்குத்தான் காசு கேட்பான். உண்மையிலேயே ஆட்ட நிர்ணயம் செய்கிறவன் அதை முன்பின் தெரியாத நமக்கு ஏன் விற்க வேண்டும்? 2019ஆம் ஆண்டின் விளையாட்டுத் தவறுகளைத் தடுக்கும் சட்டப்படி இலங்கையில் ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து வருடம் வரை சிறை இருக்கிறது. அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

வரி, கட்டணம் என்று கழித்தால் கணக்கு மாறுமா?

மாறும். பந்தயத் தொழிலுக்கு இங்கே 1988ஆம் ஆண்டின் அறவீட்டுச் சட்டம் முதலே வரி உண்டு. அதை உங்கள் தலையில் ஏற்றுகிறார்களா என்று கட்டுமுன் கேளுங்கள். 100 ரூபாய் பெட்டுக்கு 110 வாங்கினால், 2.00 ஒட்ஸின் புள்ளி 50 இல்லை, 110 ÷ 200 = 55 சதவீதம்.

கடன் வாங்கியாவது இழந்ததைப் பிடிக்கலாமா, சேர்?

இந்தக் கேள்வியை யாரும் உரத்துக் கேட்பதில்லை. மற்றவர்கள் போகும்வரை நின்று, செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பார்கள். ஆகவே இதற்கும் கணக்கையே சொல்கிறேன்.

மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் 50,000 வாங்குகிறீர்கள். மாத வட்டி 2,500. மாதம் 20 பெட், ஒவ்வொன்றும் 1,000, ஒட்ஸ் 1.91. கடன் இல்லாவிட்டால் 52.4 சதவீதம் வென்றால் போதும். இப்போது 20,000க்குப் பதிலாக 22,500 திரும்பி வர வேண்டும். அதை 1,910ஆல் வகுத்தால் 11.8 வெற்றி, அதாவது 58.9 சதவீதம். அப்படி வென்றாலும் கைக்கு எதுவும் வராது, வட்டி மட்டும்தான் அடையும். 50,000 அப்படியே நிற்கும். நீண்ட காலத்துக்கு 1.91இல் 59 சதவீதம் வெல்லும் ஒருவரை நான் கண்டதில்லை.

செட்டியார் தெருவில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்து நின்ற பிள்ளைக்கும் இதே கணக்கைத்தான் எழுதிக் கொடுத்தேன். அடகுச்சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதினேன். கட்டாமல் இருக்க முடியவில்லை, இரவு 1:30 மெட்ச்சுக்கும் கை போனுக்குப் போகிறது என்றான். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், காசு போகாது. அந்த இலக்கத்தையும் கீழே எழுதிக் கொடுத்தேன். பிறகு அவனோடு ஆமர் வீதிச் சந்திவரை நடந்து, அவன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்வரை நின்றேன்.